மஞ்சள் குல்லாய்க்காரனும் நாலு இழை ஜரிகையும்

நான் ஒரு முட்டாள். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் வெட்கம். சாதாரண முட்டாள்கூட இல்லை, கம்ப்யூட்டர் படித்த முட்டாள். ஆறு மாத டிப்ளமா. சர்டிபிகேட்டை லேமினேஷன் செய்து சுவாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். எங்கள் தெருவில் வேறு யாரும் கம்ப்யூட்டர் படிக்காததால், நான் செய்வது அசட்டுத்தனம் என்று சொல்லத் தகுதியுள்ள ஆள் ஒருவர்கூட இல்லை. மின்விசிறியைக் கழற்றி மானிட்டருக்குப் பின்னால் வைத்தாலும், "படிச்ச புள்ள, ஏதோ காரணம் இருக்கும்" என்று ஒதுங்கிப் போனார்கள்.

அந்த மரியாதையை வைத்துக்கொண்டுதான் ஒரு நாள் என் அம்மாவிடம் ஒரு ஜோக் அடித்தேன். ஒரே வரி. சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அந்த ஒரு வரியில் எங்கள் வீட்டில் என் அண்ணன் செத்துப்போனான்.

ஆரணியில் எங்களுடையது பட்டு நெசவு வீடு. கூடத்தில் இரண்டு தறி. நைனா நெய்வதைக் குறைத்துக்கொண்டு, நாலைந்து நெசவு வீடுகளுக்குப் பாவு நூல் கொடுத்துப் புடவை வாங்கி விற்கத் தொடங்கியிருந்த காலம். அதற்கு முன்பெல்லாம் முந்தானைக்கு டிசைன் வேண்டுமென்றால் கட்டம் போட்ட தாளில் ஒருவர் உட்கார்ந்து, கட்டம் கட்டமாகச் சிவப்பு மை தொட்டு மயிலையும் மாங்காயையும் வரைவார். அதைப் பார்த்து, தறிக்கு மேல் மாட்டும் அட்டையில் துளை அடிப்பார்கள். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் அந்த வேலை மெல்லக் கம்ப்யூட்டருக்கு வந்தது. நைனாவும் சென்னையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். மயிலுக்குக் கட்டம் நிரப்பும் உத்தியோகம் எனக்கு.

அதை வைத்த அறை, அண்ணன் படுத்துக்கொண்டிருந்த பின் அறை. அவன் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவனுடைய நீலச் சட்டை ஒன்று ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை எடுக்கவும் விடவில்லை, துவைக்கவும் விடவில்லை. அறையின் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மாமாவின் விசைத்தறி. காலையில் போட்டால் சாயங்காலம் வரை கடகடவென்று ஓடும். சுவரில் கை வைத்தால் உள்ளங்கை கூசும். பழகிவிட்டதால் எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. நின்றால்தான் என்னவோ போலிருக்கும்.

அண்ணன் ஏன் போனான் என்பது தெருவுக்கே தெரியும். தெருவில் யாரும் பேசமாட்டார்கள். சந்தவாசல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பட்டு முறுக்கும் பட்டறையில் வேலை செய்துவிட்டுப் போன ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. அவள் நம் ஆட்கள் இல்லை என்பதைத் தவிர அவள்மேல் யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. ஒரு விடிகாலையில் இரண்டு பேரையும் காணவில்லை. கடிதம் இல்லை, போன் இல்லை. யாராவது கேட்டால் அம்மா, "சூரத்துல ஜரிகை கம்பெனில கீறான்" என்பாள். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். நைனா எதுவுமே சொல்லமாட்டார். வீட்டில் இருப்பவர்களை எண்ணும்போது மூன்று பேர் என்று எண்ணுவார், அவ்வளவுதான்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சித்தப்பா சென்னையிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கிவந்தார். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு கைப்பிடி, மேலே செருகும் மஞ்சள் கேசட்டுகள். அதில் எங்களுக்கு உயிரான ஆட்டம் ஒன்று: பச்சைக் குல்லாய்க்காரன் ஒருவன், மஞ்சள் குல்லாய்க்காரன் ஒருவன், ஏணி ஏறி ஏறி ஒரு கோபுரத்தின் உச்சிக்குப் போகவேண்டும். பச்சை முதல் ஆட்டக்காரன், மஞ்சள் இரண்டாவது. பெரியவன் என்ற முறையில் பச்சை அண்ணனுக்குத்தான் வரவேண்டும். ஆனால் வீட்டில் அழக்கூடியவன் நான். அதனால் பச்சை எனக்கு, மஞ்சள் அவனுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஏணிக்கு முன்னாலும் நின்று, தன் ஆளை இரண்டு முறை குதிக்க வைத்துவிட்டுத்தான் ஏறுவான்.

"எதுக்குடா குதிக்கிற, டைம் போவுது!"

"கும்பிடு போட்டுட்டு ஏறணும்டா. அவன் வூட்டுக் கோபுரம், நாம இன்னா ஓசில ஏறிகினு."

பெட்டி ஒரு மழைக்காலத்தில் செத்தது. கைப்பிடிகளை மட்டும் நான் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன்.

கம்ப்யூட்டர் வந்து சில மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் எதையோ தேடப்போய் எமுலேட்டர் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். அந்தப் பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் ஒரு புரோகிராம். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு 'நான்தான் டிவி கேம்' என்று சாதிக்கும். கேசட்டுக்குள் இருந்ததை யாரோ ஒரு புண்ணியவான் கோப்பாக எடுத்துப் போட்டிருப்பான், அதைக் காட்டினால் நம்பி ஆடும். எங்கள் ஏணி ஆட்டம் முழுவதும் ஒரு பிளாப்பியில் கால்வாசி இடம்கூடப் பிடிக்கவில்லை. இதற்காகவா நாங்கள் இரண்டு பேரும் பரீட்சையில் கோட்டை விட்டோம் என்று அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, நைனா பாவு விஷயமாகத் தேசூர் போயிருந்த பகலில் அதை ஏற்றினேன். முதல் தடவை வெறும் கருப்புத் திரை. இரண்டாம் தடவை படம் வந்தது, நிறங்கள் தாறுமாறாக; ஆகாயம் சிவப்பு, குல்லாய்க்காரர்களின் முகம் பச்சை. மூன்றாம் தடவை நிறம் சரியாயிற்று, பாட்டு வந்தது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டருக்கு வேகம் போதவில்லை. துள்ளித் துள்ளி வரவேண்டிய அந்தப் பாட்டு, இழுத்து இழுத்து, ஒப்பாரி மாதிரி வந்தது. எனக்கு மனப்பாடமான பாட்டு. ஆனால் பாடுபவன் எழுந்திருக்க முடியாமல் படுத்தபடி பாடுவது போலிருந்தது. கூடத்திலிருந்து அம்மா, "இன்னாடா அது, எழவு வூட்டு மேளம்?" என்றாள். சவுண்டின் தரத்தைக் குறைத்து, நாலு படத்துக்கு ஒரு படம் தாண்டிப் போகச் சொல்லி எப்படியோ பாட்டை எழுப்பி நடக்க வைத்தேன்.

கீபோர்டில் ஆடுவது அரிசி பொறுக்குவது மாதிரி இருந்தது. கைப்பிடி வேண்டும். அதற்கும் ஒரு வழி போட்டிருந்தார்கள்: பிரிண்டர் செருகும் துளையில் ஐந்து கம்பிகளை இன்ன இன்ன இடத்தில் சேர்த்தால் பழைய கைப்பிடியே வேலை செய்யும். டிசைன் அச்சடிக்கும் பிரிண்டரைக் கழற்றி ஓரம் வைத்தேன். பிஸ்கட் டின்னைத் திறந்தேன். முதல் கைப்பிடியின் ஒயர் நன்றாக இருந்தது, சேர்த்துவிட்டேன். இரண்டாவதன் ஒயரை எலி முழுசாகத் தின்றிருந்தது.

கடைத்தெரு பத்து நிமிட நடை. ஒயர் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. என் வாழ்க்கையில் எனக்கு யோசனை தோன்றிய நேரமெல்லாம் கெட்ட நேரம். ஜரிகை என்றால் என்ன? பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி. வெள்ளியில் கரண்ட் பாயுமா, பாயாதா? பாயும் என்று பத்தாம் வகுப்புப் புத்தகமே சொல்கிறது. வீட்டில் ஒயர்தான் இல்லை, ஜரிகை இருக்கிறது. இழை சுற்றும் தார்க்குச்சியில் மிச்சமிருந்ததை உருவி, நாலு இழையாக முறுக்கினேன். ஈயம் வைத்துப் பற்ற வைத்தால் பட்டு கருகியது. அதனால் பாவில் அறுந்த இழையைப் பிணைப்பது போலப் பிணைத்தேன். பிரிண்டர் துளையிலிருந்து ஜன்னல் ஓரமாகச் சுவரில் இழுத்துக்கொண்டு போய், அண்ணனின் சட்டை தொங்கிய ஆணியில் இரண்டாவது கைப்பிடியை மாட்டினேன். அப்புறம்தான் அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே சர்க்யூட் பலகையே இல்லை. எப்போதோ எதற்கோ நானே கழற்றியிருக்கிறேன். ஆகவே தங்கம் போல் மின்னும் நாலு இழை ஜரிகை, சுவர் முழுக்க ஓடி, ஒன்றிலும் சேராமல் முடிந்தது. சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பேர் ஆடும்படி வைத்து ஆட்டத்தைத் தொடங்கினேன். மஞ்சள் சும்மா நிற்கும், பச்சையை நான் ஆட்டலாம் என்று கணக்கு. பச்சை முதல் ஏணியை ஏறியது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், கீழே மஞ்சள் குல்லாய்க்காரன் நடந்து வந்துகொண்டிருந்தான்.

நான் கைப்பிடியைக் கீழே வைத்தேன். பச்சை நின்றது. மஞ்சள் நிற்கவில்லை. ஒரு அடி, நிறுத்தம், இரண்டு அடி, நிறுத்தம் என்று ஏணிக்கு வந்தான். ஏணிக்கு முன்னால் நின்றான். குதித்தான். மறுபடி குதித்தான்.

பகல் மூன்று மணி. நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே தெருவில் பாவு நீட்டி வைத்து இரண்டு பேர் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். கைப்பிடி ஆணியில் தானாகத் தொங்குகிறது. பின்னால் சட்டை. காற்றுகூட இல்லை.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். "நீ இங்க கீற, அது எப்டிடா தானா நடக்குது?"

பயந்த முகத்தை அம்மாவிடம் காட்டக் கூடாதே என்று பல்லைக் காட்டினேன். சொன்னேன்:

"அண்ணன்தாம்மா வந்து ஆடறான்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன் என்று முன்பே ஒப்புக்கொண்டேன். அம்மா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மஞ்சள் குல்லாய்க்காரனையே பார்த்தாள். அண்ணன் இரண்டு முறை குதிப்பது அவளுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் தறியில் உட்கார்ந்தபடியே எங்களைத் திட்டிக்கொண்டு பார்த்தவள்தானே.

"கண்ணு," என்றாள் திரையிடம். "சாப்ட்டியா?"

அவன் குதித்தான்.

அடுத்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா வந்துவிடுவாள். "போடுடா" என்பாள். நான் போடுவேன். இப்போது நினைத்தால் அங்கேயே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் மூன்று வருடமாக அண்ணன் பெயரை விட்டு ஒதுங்கியே நடந்த அம்மா, அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்து அவனோடு சளசளவென்று பேசினாள். எந்த வீட்டில் கல்யாணம், யாருக்குப் பிள்ளை, மாமா புதுத்தறி போட்டது. எனக்கு அதைக் கெடுக்க மனம் வரவில்லை. நானும் இன்னொரு ஆட்டக்காரனாகப் பச்சையை ஓரமாக நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"அங்க குளுருதா கண்ணு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

மஞ்சள் குல்லாய்க்காரன் திரையின் வலது ஓரத்துக்குப் போனான். அதற்குமேல் போக இடமில்லை. போனவன் திரும்பவில்லை. ஓரத்துச் சுவரைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தான், கால் ஆடுகிறது, ஆள் நகரவில்லை. கால் மணி நேரம் அப்படியே நடந்தான்.

எழுந்து போகும்போது அம்மா வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உசுரோட கீறவன்னா வாசப்படி ஏறி வருவான்டா," என்றாள். "இப்டி வரவன்..."

முடிக்கவில்லை. அன்றுதான் எனக்கு விளங்கியது. நான் ஏதோ அம்மாவுக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பெருமையில் இருந்தேன். அவளோ முதல் நாளிலிருந்தே ஒரு பிணத்தோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, அது சும்மா... ஜோக்குமா."

"உனக்கு எல்லாமே ஜோக்குதான்," என்றாள்.

அதன்பின் மூன்று நாள் மஞ்சள் அசையவில்லை. மரம் போல் நின்றான். அம்மா பட்டினி கிடந்தாள். எனக்கு மட்டும் ஏதோ குறைவது போலிருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. மூன்றாம் நாள் பிடிபட்டது: சத்தம். அடுத்த வீட்டு விசைத்தறி நின்றிருந்தது. பாவு முடிந்து புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் தறி ஓடியது. மஞ்சளும் நடந்தான்.

சர்டிபிகேட் வாங்கியவன் மூளை அப்போதுதான் வேலை செய்தது. அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

"மாமா, தறிய கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"இன்னாத்துக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

"உன் கம்ப்யூட்டர என் தறி இன்னாடா பண்ணுச்சி? பேஜார் பண்ணாத, போ."

"ரெண்டே நிமிஷம் மாமா. நிறுத்திட்டு, நான் கத்தனதும் போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். நான் ஓடிவந்து பார்த்தேன்: மஞ்சள் நிற்கிறான். கத்தினேன். தறி கடகடத்தது. மஞ்சள் ஒரு அடி எடுத்து வைத்தான். ஒன்றிலும் சேராத ஜரிகை, சுவரை ஒட்டி ஓடி, அந்தப் பக்கத்து மோட்டாரின் இரைச்சலை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது. கம்ப்யூட்டர் அதை யாரோ பட்டனை அழுத்துவதாக நினைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் பேய். ஏணிக்கு முன்னால் இரண்டு முறை குதிப்பது மட்டும் ஏன் என்று கேட்டால், எத்தனையோ தாறுமாறான அசைவில் அதுவும் ஒன்று என்று சொல்லிக்கொள்கிறேன். இருபது வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் கண்டுபிடிப்பதற்குள் அம்மா நைனாவிடம் சொல்லிவிட்டிருந்தாள். அன்று சாயங்காலம் நைனா அறைக்குள் வந்தார். அண்ணன் போனபின் அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. சட்டை தொங்கும் பக்கம் பார்க்காமல் திரைக்கு முன்னால் நின்றார். தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இதுல எவன் அவன்?"

"மஞ்சள், நைனா. ஆனா அது வந்து..."

கையைக் காட்டி என்னை நிறுத்தினார். சுண்டுவிரல் நகம் அளவுள்ள அந்த ஆளைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இளைச்சிட்டான்," என்றார்.

அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அந்த முகத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. பிறகு அம்மா பக்கம் திரும்பி, "வர்ற அமாவாசைக்கு எல போட்டுப் படைச்சிடு. ஒரேயடியா முடிஞ்சிடும்," என்றார். நான் பயந்தது அந்த வார்த்தைக்கு இல்லை. அதைச் சொன்னபின் அவர் தோள் இறங்கியதற்கு. மூன்று வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ கீழே வைத்தவர் மாதிரி, அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தேன். ஜரிகையைக் காட்டினேன். தறியைக் காட்டினேன். மோட்டார், இரைச்சல், பட்டன் எல்லாம் சொன்னேன். இது அண்ணன் இல்லை, என் முட்டாள்தனம் என்று அவள் முன்னால் தலையில் அடித்துக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் ஓடிய ஜரிகையை விரலால் தடவினாள்.

"ஜரிகையிலயாடா கட்டி வெச்ச அவன?" என்றாள்.

"அம்மா, நான் சொல்றது..."

"பாவி. அதான் போவ முடியாம சுவத்த பாத்துகினு நடந்தானா."

நாற்பது வருடம் இழை பிணைத்த விரல்கள். நான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். அறுக்கக் கூடாதாம், அவிழ்க்கத்தான் வேண்டுமாம். கடைசி முடிச்சு அவிழ்ந்தது. அடுத்த வீட்டில் தறி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மஞ்சள் குல்லாய்க்காரன் எடுத்த காலைக் கீழே வைத்து, நின்றான்.

"போய்ட்டான்," என்றாள் அம்மா. இத்தனை நாள் அழாதவள் அப்போது அழுதாள். நான் அவிழ்த்துக் காட்டவேண்டிய உண்மையை அவளே அவிழ்த்து, சாவாக்கிக்கொண்டாள். கம்ப்யூட்டர் படித்தவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான்.

அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. அண்ணன் உயிரோடு இருப்பதை யாராவது சொன்னால்தான் உண்டு. சேவூரில் டூவீலர் மெக்கானிக் ஒருவன் இருந்தான். அண்ணனோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"படையலா?" அடியிலிருந்தே கேட்டான். "இன்னாடா ஒளர்ற?"

"உசுரோட கீறானாண்ணா? அத மட்டும் சொல்லு."

"எனக்கு இன்னா தெரியும்? உன் கம்ப்யூட்டர கேளு, அதுதான் எல்லாம் சொல்லுதே."

"அண்ணா, கால்ல வுழறேன்."

"வுழு. ஆயில் கொட்டிகீது, பாத்து வுழு."

உண்மையாகவே உட்கார்ந்துவிட்டேன். கால்சட்டையில் ஆயில் ஏறியது. அவன் மெல்ல வெளியே வந்தான். கையைத் துடைத்தான். கடைக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தான்.

"போன மாசம் பேசினான். பொண்ணு பொறந்துகீது அவனுக்கு," என்றான்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று எழுந்தேன். அவன் தோளில் கை வைத்து மறுபடி உட்கார வைத்தான்.

"இரு. ஜல்திப் படாத. உங்க நைனா அவன தேடினது தெரியுமா உனக்கு?"

"நைனாவா? அவன் பேரக்கூட எடுக்க மாட்டாரு."

"வூட்ல எடுக்க மாட்டாரு. இங்க வந்தாரு. மூணு தபா. தனியா இல்ல, நாலு பேரோட. போன பொங்கலுக்கு முன்னாடிகூட வந்தாங்கோ. சுமோல. எங்க கீறாங்கோ ரெண்டு பேரும்னு கேட்டாரு. அதுக்கு மேல அவர் பேசல, கூட வந்தவன் கையில இருந்த அருவாள பாத்து நான் ஒண்ணும் தெரியாதுன்னுட்டேன்."

கடைக்கு எதிரே நாற்று வயல். வெயிலில் பச்சை கண்ணைக் குத்தியது. நைனா வீட்டில் மூன்று பேர் என்று எண்ணுவது எனக்கு ஞாபகம் வந்தது. வேறு எங்கோ இரண்டு பேர் என்று எண்ணிக்கொண்டும் இருந்திருக்கிறார்.

ஒரு பில்லின் பின்பக்கத்தில் நம்பர் எழுதிக் கொடுத்தான். "அவன் வேல செய்ற எடத்துக்குப் பக்கத்துக் கடை. கூப்பிட்டுக் குடுப்பாங்கோ. நான் குடுத்தன்னு எவன் கிட்டயும் சொல்லாத. அவன் கிட்ட சொல்லு, பரவால்ல."

ஆரணிக்குத் திரும்பும் வழியிலேயே ஒரு எஸ்டிடி பூத்தில் நுழைந்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே அனலாக இருந்தது. வேறு மாநிலத்து நம்பர். எடுத்தவர் தமிழும் இல்லாத கன்னடமும் இல்லாத ஒன்றில் ஏதோ சொல்லிவிட்டு ரிசீவரைக் கீழே வைத்தார். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. ரொம்ப தூரத்திலிருந்து ஒரு செருப்புச் சத்தம் நெருங்கிவந்தது.

"அலோ."

மூன்று வருடம் கழித்துக் கேட்ட அந்தக் குரலில் நான் செய்திருக்க வேண்டியது அழுகை. எனக்கு வந்தது சிரிப்பு.

"அண்ணா, நாந்தான். நீ செத்துட்ட."

நான் கொட்டினேன். எமுலேட்டர், ஜரிகை, மஞ்சள் குல்லாய், அம்மா பேசியது, நைனா சொன்னது, அமாவாசை எல்லாம். நடுவில் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "யாருங்க?" என்றது, அவன் ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னான். ஒரு குழந்தை சிணுங்கியது. அந்தச் சிணுங்கல் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்சம் புத்தியும் போய்விட்டது.

"அம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்த பேசிடுண்ணா. நான் இங்க இட்டுகினு வரேன். இல்லன்னா வெள்ளிக்கெழம உனக்கு எல போட்டுடுவாங்கோ. உனக்குப் புடிச்ச கொழம்பு வெச்சி, காக்காவுக்கு வெப்பாங்கோ. அம்மா அழுதுகினே கீது."

பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டி மீட்டரைக் காட்டினார்.

"நைனா?" என்றான் கடைசியில். "அவரும் எலக்கு முன்னாடி உக்காருவாரா?"

"உக்காருவாரு. அவர்தான் செய்ய சொன்னதே. ஒரேயடியா முடிஞ்சிடும்னாரு."

"அப்ப இனிமே தேட மாட்டாரு. படைச்சிடச் சொல்லு."